குட்டி எடுத்த காலமும் குட்டி வாங்கும் காலமும்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் நாய்க்குட்டிக்கு விலை பேசுவது ஒரு காலத்தில் மரியாதைக் குறைவு. இன்னார் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று காதில் விழும். ‘மதினி, ஒரு கடுவன் குட்டியை எங்களுக்குன்னு நிறுத்தி வைங்க’ என்று சொல்லி வைப்பார்கள். குட்டி கண் திறந்து, தள்ளாடி நடந்து, கிண்ணத்துப் பாலை நக்கத் தொடங்கியதும் வீட்டுப் பையன் போய்த் தூக்கிக்கொண்டு வருவான். சும்மா வாங்கினால் குட்டி தங்காது என்று ஒரு ரூபாயோ ஒரு படி கம்போ கைமாறும். அத்தோடு சரி.

இன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு குடும்பம் கோல்டன் ரெட்ரீவர் குட்டி வாங்குவது என்றால் அது பாதிக் கல்யாண ஏற்பாடு. இன்ஸ்டாகிராமில் வீடியோ பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தாய், தந்தை படம் கேட்கிறார்கள். பேப்பர் உண்டா, எத்தனை ஊசி போட்டாயிற்று, யார் டாக்டர் என்று விசாரணை நடக்கிறது. போனிலேயே அட்வான்ஸ் போய்விடுகிறது. விலை பதினைந்தாயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தாண்டியும் போகிறது.

‘ஒரு நாய்க்குட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று சிரிக்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. அன்று யாரும் கேள்வி கேட்காததற்குக் காரணம், பதிலெல்லாம் கண்ணெதிரே இருந்தது. வாங்குகிறவருக்குத் தாய் நாயைத் தெரியும். அது கடிக்கிற ஜாதியா, வெடிச் சத்தத்துக்கு ஒளிகிற ஜாதியா என்று தெருவுக்கே தெரியும். கொடுக்கிறவருக்கு வாங்குகிறவர் வீடு தெரியும். அங்கே சோறு மிஞ்சுமா, கட்டிப்போட்டு அடிப்பார்களா என்று சொல்லாமலே தெரியும். தாயும் வீடும் கண்ணில் படாமல் போனதுதான் நடுவில் வந்த பெரிய மாற்றம். இன்றைய சட்டம், சான்றிதழ், மைக்ரோசிப், எக்ஸ்ரே எல்லாம் அந்த இரண்டையும் திரும்பத் தெரிந்துகொள்வதற்கான பாடுதான்.

வாசலிலிருந்து கூடத்துக்கு

அன்று நாய் வந்தது வேலைக்கு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு; கோம்பை காவலுக்கு; ராஜபாளையம் பெரிய வீட்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும். நாயின் இடம் படிக்கு வெளியே. மழை கொட்டினால் மாட்டுத் தொழுவம் வரை வரலாம். பட்டணத்தில் மில் முதலாளி வீட்டில் அல்சேஷன் நிற்கும், பெரிய டாக்டர் வீட்டில் டாபர்மேன் நிற்கும், கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை தொங்கும். 1980களில் நடுத்தரக் குடும்பங்கள் ஆசைப்பட்டு வளர்த்தது பொமரேனியன் என்று அழைக்கப்பட்ட வெள்ளை நாயை. அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். பெயர் மணி, டைகர், ஜிம்மி, ரோசி. அந்தச் சின்ன நாயையும் ‘யாராவது வந்தால் குரைக்கும்’ என்று சொல்லித்தான் தாத்தாவிடம் அனுமதி வாங்குவார்கள்.

கோல்டன் ரெட்ரீவருக்கு இந்த வாதம் செல்லாது. வந்தவன் திருடனாகவே இருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் வாயிலிருக்கும் செருப்பைப் பரிசாகக் கொடுக்கிற ரகம் அது. காவலுக்குக் கேமராவும் வாட்ச்மேனும் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட நாய்க்கு நம் வீட்டில் இடம் கிடைத்தது. சிம்பா, லியோ, கோகோ, லூனா என்ற பெயர்களோடு அது நேராகக் கூடத்துக்கு வந்து, சோபாவில் ஏறி, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துவிட்டது.

ஆசையை வளர்த்ததில் திரைக்கும் பங்குண்டு. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் பக் நாய் ஓடியது. அதற்குப் பிறகு பக் கேட்டு அலையாத ஊர் இல்லை. 2014-இல் வந்த ‘என்டர்டெயின்மென்ட்’ இந்திப் படத்தில் அக்ஷய் குமாருக்கு இணையாக நடித்தது ஒரு கோல்டன். 2022-இல் நம் ‘ஓ மை டாக்’ படத்தில் சைபீரியன் ஹஸ்கிக் குட்டி. இந்த ஊர் வெயிலை அந்த நாய் தாங்குமா என்று விளம்பரம் சொல்லாது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று பட்டியலிட்ட இனங்களில் அந்தப் பக்கும் இருந்தது, ஹஸ்கியும் இருந்தது, செயின்ட் பெர்னார்டும் இருந்தது. கொள்கையை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. கோல்டன் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக இந்த வெயில் அதற்கு இதமானது என்று ஆகிவிடாது.

ஸ்காட்லாந்திலும் சொந்தக்காரர்களுக்குத்தான்

கோல்டன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அங்கேயும் நம்மூர்க் கதையின் சாயல் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டில், இன்வர்னஸ் பக்கம், கூசகன் என்ற எஸ்டேட். அதன் சொந்தக்காரர் டட்லி மார்ஜோரிபேங்க்ஸ். பிற்பாடு ட்வீட்மவுத் பிரபு ஆனவர். வேட்டைக்காரர். சுட்டு விழுந்த பறவையைச் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி, பல் பதியாமல் கவ்விக்கொண்டு வருகிற நாய் அவருக்கு வேண்டும். 1865-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நௌஸ் என்ற மஞ்சள் நிறக் கடுவனை வாங்கினார். 1868-இல் அதை பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியல் பெட்டையோடு சேர்த்தார். அந்த ஈற்றில் கிடைத்த நான்கு மஞ்சள் குட்டிகள் பிரிம்ரோஸ், க்ரோகஸ், கௌஸ்லிப், ஏடா. முதல் மூன்றும் பூக்களின் பெயர்கள்.

அவர் இந்த நாய்களை வைத்துக் கடை போடவில்லை. தன்னிடம் சிலவற்றை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை உறவுக்கும் நட்புக்கும் கொடுத்தார். ஏடா போனது உறவினரான இல்செஸ்டர் பிரபு வீட்டுக்கு. குட்டி போகிற இடம் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. தாய் யார் என்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அவர் நம்மவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார்: எழுதி வைத்தார். எந்தப் பெட்டை, எந்தக் கடுவன், எந்த ஆண்டு என்று பல பத்தாண்டுகளுக்கு ஒரு பதிவேடு. ரஷ்ய சர்க்கஸ் நாய்களை மொத்தமாக வாங்கி வந்துதான் இந்த இனத்தை உண்டாக்கினார் என்று ஒரு கதை நெடுங்காலம் உலாவியது. 1952-இல் அந்தப் பதிவேட்டின் விவரம் அச்சில் வந்த பிறகுதான் அந்தக் கதை அடங்கியது. ஆனால் 1910களிலேயே இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றிருந்தது, இதற்கென்றே ஒரு சங்கமும் தொடங்கியிருந்தது.

நம் நாட்டிலும் நாய்களுக்கான பதிவுச் சங்கம் புதிதில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தொடக்கம் 1896. தலைமையகம் இன்று சென்னையில். ஊட்டியில் கோடை சீசனில் நடக்கும் நாய்க் கண்காட்சியும் வெள்ளைக்காரர் காலத்து வழக்கம்தான். ஆனால் அன்று அது துரைமார், ஜமீன்தார்கள், எஸ்டேட்காரர்கள் உலகம். நம் கரிசல் காட்டுச் சிப்பிப்பாறைக்கு வம்சாவளி இருந்தது ஊர்க் கிழவர்களின் நினைவில் மட்டும். சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திய இனப்பெருக்கப் பிரிவில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நாட்டு இனங்களை வளர்த்து, பதிவு செய்தவர்களுக்குக் குட்டி கொடுத்தார்கள். 2005-இல் அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. மரியாதை வருவதற்குள் பல ஊர்களில் அசல் வம்சம் கலந்து போயிருந்தது.

பேப்பர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

இன்றைய குட்டி வியாபாரத்தில் காதில் அடிக்கடி விழுகிற சொல் ‘பேப்பர்’. ‘வித் பேப்பர் ஒரு ரேட்டு, வித்தவுட் பேப்பர் ஒரு ரேட்டு சார்.’ கூடவே ‘ஹெவி போன்’, ‘சாம்பியன் லைன்’, ‘இம்போர்ட் லைன்’, ‘ஷோ குவாலிட்டி’. பேப்பர் என்பது கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்றிதழ். அதில் அப்பன், பாட்டன், பூட்டன் பெயர்கள் இருக்கும், குட்டிக்குப் போட்ட மைக்ரோசிப்பின் எண்ணும் இருக்கும். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பை ஊசி வழியாகத் தோள்பட்டைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். கருவியை மேலே காட்டினால் எண் தெரியும். பேப்பரில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று வாங்குகிற இடத்திலேயே பார்த்துவிடலாம்.

பேப்பர் சொல்வது ‘இன்னாரின் பிள்ளை’ என்பதை. அந்தப் பிள்ளை நோயற்றது என்று அது சொல்வதில்லை. கோல்டன் விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் இந்த இனத்துக்குச் சில பரம்பரைத் தொல்லைகள் உண்டு. தொடை எலும்பு இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் போவது, முழங்கை மூட்டுக் கோளாறு, மெல்ல மெல்லப் பார்வை போகும் விழித்திரை நோய், தோல் செதில் செதிலாக உதிர்வது, இதயத்தின் பெரிய குழாய் தொடங்கும் இடத்திலேயே சுருங்கியிருப்பது. எல்லாவற்றுக்கும் மேலே புற்றுநோய். கோல்டனுக்குப் புற்று ஏன் இவ்வளவு வருகிறது என்று பார்க்க, அமெரிக்காவில் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012-இல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கி 3,000-க்கும் மேற்பட்ட கோல்டன்களைச் சேர்த்து வாழ்நாள் முழுக்கக் கவனித்து வருகிறது.

புற்றுக்கு முன்கூட்டிப் பார்க்கச் சோதனை இல்லை. இடுப்புக்கு உண்டு: தாய்க்கும் தந்தைக்கும் இரண்டு வயது முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடலாம். விழித்திரை நோய்க்கும் தோல் நோய்க்கும் மரபணுச் சோதனை உண்டு. நம்மூரில் இவற்றைச் செய்கிற வளர்ப்பாளர்கள் குறைவு. இருக்கிறவர்கள் ஃபைலைத் திறந்து காட்டத் தயங்குவதில்லை. ‘எங்க நாய்க்கு ஒரு குறையும் இல்ல சார், பாருங்க எப்படி ஓடுதுன்னு’ என்பது எக்ஸ்ரே ஆகாது.

சட்டமும் தாயைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு ஒன்றரை வயதாகும் முன் இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் ஆகாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் ஆகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பதிவே இல்லாமல் மொட்டை மாடியில் தகரக் கூண்டில் பெட்டைகளை அடைத்து வைத்து ஒவ்வொரு சூட்டுக்கும் குட்டி எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் தெளிவாகவே தெரிகிறது.

தெருநாய்க்கு ஐப்பசி, கார்த்திகையில் இணை சேரும் காலம். அறுபத்து மூன்று நாள் கழித்து மார்கழி, தைக் குளிரில் குட்டிகள் கிடக்கும். ஊர் நாய்க்கும் ஏறக்குறைய அதே கணக்கு என்பதால் குட்டி வேண்டுமென்றால் தை வரை பொறுத்திருக்க வேண்டும். இன்று ஆண்டு முழுக்க எப்போது கேட்டாலும், எந்த நிறத்தில் கேட்டாலும் ‘ரெடி ஸ்டாக்’ என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர் வளர்க்கவில்லை, வாங்கி விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல வளர்ப்பாளரிடம் கேட்டால் ‘அடுத்த ஈற்று இன்னும் நாலு மாசம் ஆகும்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

எந்தக் குட்டி?

கிராமத்தில் குட்டி தேர்ந்தெடுக்கப் பெரியவர்களிடம் சில சோதனைகள் இருந்தன. பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவார்கள். கத்தாமல் தொங்கினால் தைரியசாலி. நகத்தை எண்ணுகிறவர்களும் உண்டு. வாலின் முனை, காதின் மடிப்பு, நாக்கின் புள்ளி என்று ஆளுக்கொரு லட்சணம். கடுவனுக்கு அடிபிடி. பெட்டையை யாரும் சீந்த மாட்டார்கள். சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருவார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இந்தச் சாக்கைச் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும்.

தங்கை குடும்பத்துக்குக் கோல்டன் வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். செங்கல்பட்டு தாண்டி, வீட்டோடு சேர்ந்த ஒரு தோட்டம். கேட்டிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கிருமிநாசினி கலந்த தட்டில் கால் நனைத்து, கை கழுவிய பிறகே உள்ளே விட்டார்கள். வளர்ப்பவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. குட்டிகள் இருந்த மரத் தொட்டியின் உள்பக்கம் நான்கு சுவரிலும் ஒரு சாண் உயரத்தில் கட்டை அடித்திருந்தது. தாய் சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது முதுகுக்குப் பின்னால் குட்டி மாட்டி நசுங்காமல் இருக்க அந்தக் கட்டை என்றார். குட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. அதனால் பிறந்த அன்றே கழுத்துக்கு ஒரு நிற ரிப்பன். சிவப்பு, பச்சை, ஊதா என்று நோட்டில் கட்டம் போட்டு, காய்கறித் தராசில் தினமும் எடை பார்த்து எழுதியிருந்தார். பிறந்த முதல் நாட்களில் ஒரு குட்டிக்கு எடை ஏறாமல் நின்றால் அதைத் தனியே எடுத்துப் பின் மடியில் விடுவாராம்.

தங்கை மகள் எட்டாம் வகுப்பு. உள்ளே போனதுமே ஓடிவந்து மடியில் ஏறிய குட்டியைக் காட்டி, ‘மாமா, இதுதான், இதுவே போதும்’ என்றாள். டீச்சர் சிரித்தார். ‘அது எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா ஏறும். உங்க வீட்டுல பாட்டி இருக்காங்கன்னு சொன்னீங்க. இவன் ஆள் மேல தாவுற ஜாதி. முப்பது கிலோ ஆனப்புறமும் தாவுவான். நீ கொஞ்ச நேரம் சும்மா உக்காரு.’ பச்சை ரிப்பன் குட்டி மூலையிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக வந்து அவள் கால் விரலை மோந்து, பக்கத்திலேயே படுத்தது. டீச்சர் ஒரு சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். சத்தத்துக்கு எல்லாம் சிதறின. பச்சை ரிப்பன் திடுக்கிட்டது. பிறகு சாவி கிடந்த இடத்துக்குப் போய் முகர்ந்து பார்த்தது. பயப்படாத குட்டியைத் தேடாதீர்கள், பயந்து சீக்கிரம் தெளிகிற குட்டியைப் பாருங்கள் என்றார்.

பிறகு உடம்பைப் பார்த்தோம். கண்ணில் பீளை இல்லை. காதில் நாற்றம் இல்லை. மேல் பல் கீழ்ப் பல்லின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. தொப்புளில் வீக்கம் இல்லை. வாலடியில் கழிச்சல் ஒட்டியிருக்கவில்லை. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் குடற்புழு என்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் இல்லை. நிறத்தைப் பற்றித் தங்கை கேட்டாள். ‘காது நுனியைப் பாருங்க. வளர்ந்தா உடம்பு அந்த நிறத்துக்கு வந்துடும்’ என்றார். ‘இங்கிலீஷ் கிரீம்’ என்று வெளிறிய கோல்டனுக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். கிரீம் நிறத்தை 1936-இல் இங்கிலாந்தின் இன விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். அது தனி ஜாதியும் இல்லை, அதற்குத் தனி ஆரோக்கியமும் இல்லை.

தாய் நாய் முன்னறையில் இருந்தது. பால் கொடுத்து இளைத்திருந்தது, முடி கொட்டியிருந்தது. ஆனால் எங்களைக் கண்டு பல்லைக் காட்டவில்லை, பதுங்கவும் இல்லை; வந்து கையில் மூக்கை வைத்தது. தந்தை வேறு ஊர். இது வழக்கம்தான், இணைக்கு வெளியே கொண்டு போவார்கள். ஆனால் தாய் வேறு ஊரில் இருக்கிறது என்றால் குட்டி எப்படி இங்கே வந்தது? சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகிற குட்டிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் விற்கிறவர் விலையைக் குறைப்பார், பதில் சொல்ல மாட்டார். ‘பைபாஸ்ல வந்து நில்லுங்க, குட்டியைக் கொண்டாந்து தர்றோம்’ என்கிறவரிடமும் இதே நிலைதான். படத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிற கூட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. நேரில் போய்த் தாயைப் பார்க்கிறவர்களிடம் அவர்கள் வித்தை செல்லாது.

ஒயர் கூடையும் காரும்

அன்று குட்டி வந்த வாகனம் ஒயர் கூடை. அடியில் பழைய துணி, மேலே ஒரு துண்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் வரும்போது கூடைக்குள் கையை விட்டுக் குட்டியின் வாயைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். முனகிவிட்டால் லக்கேஜ் டிக்கெட். ரயிலில் குட்டியைக் கூடையோடு கார்டு பெட்டியில் ஏற்றலாம், முதல் வகுப்பு ஏசியில் தனிக் கூபே எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்ற விதிகள் இன்றும் இருக்கின்றன. இன்று பெரும்பாலும் கார்தான். தாயின் வாசனை ஏறிய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் விரித்துக்கொள்கிறார்கள். புறப்படும் முன் குட்டிக்குச் சாப்பாடு கொடுக்காமல் இருந்தால் வழியில் வாந்தி குறையும். ‘ஆம்னி பஸ் டிக்கியில போட்டு விடுறேன், காலைல வந்து எடுத்துக்குங்க’ என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

அன்று குட்டிகள் வீட்டுக்கு வந்தது முப்பது, முப்பத்தைந்து நாளில். நக்கிக் குடித்தால் போதும், எடுத்துப் போகலாம். எட்டு வாரம் என்ற இன்றைய கணக்குக்குப் பின்னால் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. நாய்க்குட்டியின் குணம் உருவாகும் முக்கியமான காலம் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று 1965-இல் வந்த அவர்கள் நூல் காட்டியது. அந்தக் காலத்தின் முன்பாதியில் உடன்பிறப்புகளைக் கடித்து விளையாடித்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. அதற்கு முன்பே பிரித்தால், அந்தப் பாடத்தை நம் வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும். பின்பாதியில் மனிதர், மிக்சி சத்தம், ஆட்டோ ஹாரன், படிக்கட்டு எல்லாம் பழக வேண்டும்.

சீம்பாலும் ஊசியும்

பிழைத்தால் பிழைக்கட்டும் என்பதுதான் அன்றைய வைத்தியம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் 1980களில் நம் ஊர்களுக்கும் வந்து, ரத்தக் கழிச்சலில் ஈற்று ஈற்றாகக் குட்டிகளைக் கொண்டுபோனது. ‘வயித்துக்கு ஒத்துக்கலை’ என்று சொல்லி வேலியோரம் புதைத்தார்கள். இன்று ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர் ஊசிகள். ஏன் இத்தனை முறை என்று பலரும் கேட்கிறார்கள். சீம்பால் வழியாகத் தாய் தந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது; அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் பதினாறு வாரம் வரை விட்டுவிட்டுப் போடுகிறார்கள். தாய்க்கு ஒழுங்காக ஊசி போட்டிருந்ததா என்ற கேள்வி இங்கேயும் வருகிறது.

வெறிநாய்க்கடி என்றால் அன்று தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து அது. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அதைத் தென்னாட்டுக்குத் தயாரித்துக் கொடுத்தது. 2004 இறுதியோடு அந்த வகை மருந்து நாட்டில் நின்றுபோனது. இன்று மூன்று மாதத்தில் குட்டிக்கே ரேபிஸ் ஊசி போட்டு, சென்னை மாநகராட்சியில் உரிமமும் எடுக்க வேண்டும்.

மாறாத எதிரி உண்ணி. அன்று திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவார்கள். கோல்டனின் இரட்டை அடுக்கு முடிக்குள் உண்ணியைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. உண்ணிக் காய்ச்சல் வந்தால் மூக்கில் ரத்தம் வடிகிற வரை பலருக்குத் தெரிவதில்லை. வெயிலுக்குப் பயந்து முடியை மொட்டை அடிப்பவர்களும் உண்டு. அந்த முடிதான் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்தால் போதும். நடை விடியற்காலையில், நண்பகலில் டைல்ஸ் தரை.

வீட்டில் யார் இருப்பார்கள்?

டீச்சர் அன்று எங்களிடம் கேட்ட கேள்விகள் நாங்கள் அவரிடம் கேட்டதைவிட அதிகம். ஃப்ளாட்டா, தனி வீடா? லிஃப்ட் உண்டா? பாட்டிக்கு நாய் பிடிக்குமா, சகித்துக்கொள்வாரா? பாப்பா கல்லூரிக்கு வெளியூர் போனால் யார் பொறுப்பு? கோல்டன் பத்து, பன்னிரண்டு ஆண்டு இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வேலைக்குப் போய்விடும் காலம் அது. கடைசியாக, ‘பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க?’

அந்தக் கேள்விக்கு அன்றைய வீட்டில் பதிலே தேவைப்படவில்லை. ஆச்சி இருப்பாள், திண்ணையில் தாத்தா இருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கும், கதவு திறந்தே கிடக்கும். நாய் தெருவுக்கும் வீட்டுக்கும் பொது. பழைய சோறும் கருவாட்டுத் தலையும் தின்று, ஊரைச் சுற்றிவிட்டு வந்து படுக்கும். மூட்டு வலிக்கான மருந்து அதற்குக் கிடைக்கவில்லை, தனிமையும் கிடைக்கவில்லை. இன்று மூன்று வேளை எடை போட்டுத் தீவனம் கிடைக்கிறது, பிறந்தநாளுக்குக் கேக்கும் கிடைக்கிறது. காலை எட்டரைக்குப் பூட்டிய கதவு மாலை ஆறரைக்குத்தான் திறக்கிறது. பறவையைக் கவ்விக்கொண்டு திரும்பத் திரும்ப மனிதனிடமே ஓடி வருவதற்காக உருவாக்கப்பட்ட நாய்க்கு அந்தப் பத்து மணி நேரம் பெரிய தண்டனை. சோபாவைக் கிழிக்கிறது, குரைக்கிறது, அசோசியேஷனில் புகார் வருகிறது. பிறகு ‘கோல்டன், இரண்டு வயது, இலவசம், நல்ல வீட்டுக்கு’ என்று ஓர் அறிவிப்பு. சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்குத் தெருநாய்களோடு இனநாய்களும் வந்து சேர்கின்றன. குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது டீச்சரின் போன் அடித்தது. கணவன், மனைவி இருவரும் ஐ.டி. வேலை, வீட்டில் வேறு யாரும் இல்லை, கேட்ட விலை தருகிறோம் என்றார்களாம். ‘இப்ப வேண்டாம் சார், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்’ என்று சொல்லி வைத்துவிட்டார். ஊதா ரிப்பன் குட்டி அப்போது விலை போகாமல் மீதி இருந்தது. அதற்குத் தீவனச் செலவும் ஏறிக்கொண்டிருந்தது. குட்டி வாங்கப் போகிற இடத்தில் ‘உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்றால், தாய் நாயையும் எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு, அவர் கேட்கிற கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் ரெண்டு வருஷம் பொறுத்திருங்கள்.